ஆங்கிலம் பழகுவோம்: தப்பு கையிலா, பெட்டியிலா?



போன மாதம் ஒரு குழுவின் தர மதிப்பீட்டுக்கு நாங்களும் போயிருந்தோம். வந்திருந்த அதிகாரியிடம் காட்ட, குழுவின் நோட்டுகள் எல்லாவற்றையும் தகரப் பெட்டியில் வைத்து ஊக்குநர் அக்கா தூக்கி வந்தார். பெட்டியின் ஒரு பக்கப் பிடி உடைந்து ஆறு மாதம் ஆகிறது. வாசற்படியில் பெட்டி சரிந்து நோட்டெல்லாம் கொட்டிவிட்டது. அதிகாரி சிரித்துக்கொண்டே "கிளம்ஸி" என்றார். ஏதோ நல்ல வார்த்தை என்று நினைத்து அக்காவும் சிரித்தார். பிறகு எங்களிடம் அர்த்தம் கேட்டுத் தெரிந்துகொண்டதும், "என்னையா சொன்னாரு? பெட்டியைத்தானே சொல்லியிருக்கணும்?" என்றார்.

அக்கா கேட்டது சரியான கேள்வி. ஆங்கிலத்தில் ஆளைச் சொல்ல ஒரு சொல், பொருளைச் சொல்ல வேறு சொல் உண்டு. அதைத்தான் இந்த மாதம் படிக்கப் போகிறோம்.

ஆளைச் சொல்பவை

கிளம்ஸி: கை கால் வாகாக வராமல் எதையாவது தட்டிவிடுவது, கீழே போடுவது. குளிரில் உடம்பு மரத்துப் போவதைக் குறித்த பழைய சொல்லிலிருந்து இது வந்தது. விரல் மரத்துப் போனவர் பாத்திரத்தை நழுவவிட்டால் அது அவர் குற்றமா? யோசித்துப் பாருங்கள்.

பட்டர்ஃபிங்கர்ஸ்: 'வெண்ணெய் விரல்' என்று அர்த்தம். "கையில எண்ணெயா தடவியிருக்கு?" என்று நாம் கேட்கிறோம் அல்லவா, அதே கேலிதான். கிரிக்கெட்டில் கேட்ச் விட்டவரையும் இப்படிச் சொல்வார்கள்.

பொருளைச் சொல்பவை

ஹெவி: எடை அதிகம். வீட்டு கேஸ் சிலிண்டரில் கேஸ் மட்டும் 14.2 கிலோ. இரும்போடு சேர்த்தால் சுமார் 30 கிலோ வரும்.

பல்க்கி: இடத்தை அடைப்பது. எடை அதிகம் இருக்க வேண்டும் என்பதில்லை. பஞ்சு மூட்டை பல்க்கி.

அன்வீல்டி: பிடித்து ஆள முடியாதது. நீள ஏணியை ஒருவர் மட்டும் திருப்பிப் பாருங்கள், புரியும்.

கம்பர்சம்: கூடவே வைத்துக்கொண்டு அல்லாட வேண்டியது. பொருளுக்கு மட்டும் இல்லை, வேலைக்கும் சொல்லலாம். ஒரே விவரத்தை நாலு படிவத்தில் எழுதச் சொன்னால் அந்த முறையும் கம்பர்சம்தான்.

ஆக்வர்ட்: தூக்க, பிடிக்க, வைக்க வசதிப்படாதது. 'தப்பான பக்கம் திரும்பிய' என்பது இதன் பழைய அர்த்தம். தர்மசங்கடமான நிலைமைக்கும் இதே சொல்தான். ஒரு பிடி இல்லாத நம் பெட்டிக்கு இதுவே பொருத்தம்.

சொல்லிப் பழகுங்கள்

"திஸ் பாக்ஸ் இஸ் ஆக்வர்ட் டு கேரி." (இந்தப் பெட்டி தூக்க வசதியாக இல்லை.)

"இட் இஸ் டூ பல்க்கி ஃபார் ஒன் பெர்சன்." (ஒரு ஆள் தூக்க முடியாத அளவுக்குப் பெரிசு.)

"திஸ் டைம் இஸ் இன்கன்வீனியன்ட் ஃபார் அஸ்." (இந்த நேரம் எங்களுக்குச் சௌகரியப்படாது.)

மூன்றாவது வாக்கியத்தைக் கட்டாயம் பழகுங்கள். சமைக்கிற நேரத்தில் கூட்டம் போட்டால் மரியாதையாக இப்படிச் சொல்லலாம்.

ஒரு வார்த்தை: வீட்டில் பிள்ளை தண்ணீரைக் கொட்டினால், புதிதாகக் கற்ற 'கிளம்ஸி'யை அதன்மேல் வீசாதீர்கள். சொம்பு அந்தச் சின்னக் கைக்கு அடங்குகிறதா என்று முதலில் பாருங்கள்.

அடுத்த கூட்டத்துக்கு வேலை

வீட்டிலும் தொழிலிலும் உங்களைத் தினமும் படுத்துகிற ஒரு பொருளை ஒவ்வொருவரும் சொல்லுங்கள். அது ஹெவியா, பல்க்கியா, அன்வீல்டியா, ஆக்வர்டா? எந்தச் சொல் என்று தெரிந்தால் வழியும் தெரியும். ஹெவி என்றால் இரண்டு பேர் பிடிக்கலாம். பல்க்கி என்றால் பிரித்துக் கட்டலாம். ஆக்வர்ட் என்றால் ஒரு பிடி போதும்.

அந்தக் குழுவில் பெட்டிக்குப் புதுப் பிடி போட்டாயிற்று. செலவைத் தீர்மான நோட்டில் எழுதி, எல்லோரும் கையெழுத்தும் போட்டிருக்கிறார்கள்.