கரும்பலகையில் 1871

கேள்வி: கலைக் கல்லூரியில் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். இந்தப் பருவத்தில் ‘சமயம், அரசியல், பழங்குடிகள்’ என்ற மானிடவியல் தாளை என் தலையில் கட்டிவிட்டார்கள். நான் படித்ததோ வரலாறு. பாடத்திட்டத்தில் டைலர், துர்கைம் என்று கோட்பாடுகள் வரிசையாக நிற்கின்றன. பழங்குடிகள் கடைசி அலகில்தான் வருகிறார்கள். வகுப்பில் மலையாளி பழங்குடி மாணவி ஒருவர் இருக்கிறார். ‘பழங்குடி’ என்று நான் வாயெடுத்தாலே மொத்த வகுப்பும் அவரைத் திரும்பிப் பார்க்கிறது. எங்கிருந்து தொடங்குவது?
– ஒரு வாசகர், சேலம்

பதில்: வரலாறு படித்தவரிடம் இந்தத் தாள் வந்தது நல்லதாயிற்று. முதல் நாள் கரும்பலகையில் 1871 என்று எழுதுங்கள். டைலரின் ‘பிரிமிட்டிவ் கல்ச்சர்’ வெளிவந்த ஆண்டு அது. ஆவிகளை நம்புவதுதான் சமயத்தின் முதல் படி என்று சொல்லி, அதற்கு ‘அனிமிசம்’ என்று பெயர் வைத்தார். குற்றப் பழங்குடிகள் சட்டம் வந்ததும் அதே ஆண்டில்தான். இந்தியாவின் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1871-72. ஒரு புத்தகம், ஒரு சட்டம், ஒரு படிவம். யாரும் கூடிப் பேசிச் செய்ததல்ல. ஆனால் மூன்றும் மனிதர்களைப் பெட்டி பெட்டியாகப் பிரித்தன. பின்னாளில் கணக்கெடுப்பின் மதக் கட்டத்தில் டைலரின் சொல்லே ஏறி உட்கார்ந்துகொண்டது. சட்டத்தை விளக்க நீங்கள் மெனக்கெட வேண்டாம். மதுரைப் பக்கத்து மாணவர் யாராவது இருந்தால், ‘ரேகைச் சட்டம்’ என்ற பெயரில் அது அவர் வீட்டில் தாத்தா சொன்ன கதையாகவே இருக்கும்.

கணக்கெடுப்புப் படிவத்தை அப்படியே 2011-க்கு நகர்த்துங்கள். அதில் பழங்குடிச் சமயத்துக்குத் தனிக் கட்டம் இல்லை. இருந்தும் ஜார்க்கண்டிலும் அண்டை மாநிலங்களிலும் சுமார் 50 லட்சம் பேர் ‘பிற மதம்’ என்ற இடத்தில் தங்கள் பழங்குடிச் சமயத்தைச் ‘சர்னா’ என்று பதிவுசெய்தார்கள். 2020 நவம்பரில் ஜார்க்கண்ட் சட்டமன்றம் அதற்குத் தனிக் குறியீடு கேட்டுத் தீர்மானமே போட்டது. ‘நீ என்ன மதம்?’ என்ற கேள்வி எவ்வளவு அரசியலானது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

அடுத்த இரண்டு வாரத்தையும் நியமகிரிக்கே கொடுங்கள். ஒடிசாவில் டோங்ரியா கோந்த் மக்கள் வாழும் மலை அது. அவர்களுக்கு அந்த மலைதான் நியமராஜா. அதன் தலையில்தான் பாக்சைட் இருக்கிறது. 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், சுரங்கம் அவர்களுடைய வழிபாட்டு உரிமையைப் பாதிக்குமா என்பதைக் கிராம சபைகளே முடிவு செய்யட்டும் என்றது. 12 கிராமங்கள் கூடின. பன்னிரண்டும் வேண்டாம் என்றன. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் இல்லாவிட்டால் அந்தக் கேள்வி அவர்கள் வாசலுக்கே வந்திருக்காது. ‘நியமராஜா என்பது நம்பிக்கையா, நில உரிமையா?’ என்று மாணவர்களிடம் கேளுங்கள். பிரிக்க முடியாமல் திணறுவார்கள், திணறட்டும்.

இனி அந்த மாணவி. ‘உங்க ஊர்ல எப்படிம்மா?’ என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். நான் செய்த தவறு இதைவிடப் பெரிது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நாற்பது பேரைப் பேருந்தில் ஏற்றிக்கொண்டு நீலகிரியில் ஒரு மந்துக்கு, அதாவது தோடர் குடியிருப்புக்கு, போனேன். ஒரு மணி நேரம் குடைந்து குடைந்து கேட்டோம். கடைசியில் ஒரு பெரியவர், “எங்க கோயிலைப் பத்தி இவ்வளவு கேட்டீங்க, உங்க கோயிலைப் பத்திச் சொல்லுங்க” என்றார். ஒருவருக்கும் இரண்டு வாக்கியத்துக்கு மேல் வரவில்லை. எனக்கும்தான்.

அதன்பிறகு என் வகுப்பில் முதல் களப்பணி எல்லோருக்கும் அவரவர் குலதெய்வம்தான். பூசாரி யார், கிடா வெட்டு உண்டா, கோயில் நிலம் யார் பெயரில் இருக்கிறது, சமஸ்கிருத மந்திரம் எப்போது உள்ளே வந்தது? கோயில் இல்லாத வீட்டுப் பிள்ளைகள் தங்கள் தேவாலயத்தையோ தர்காவையோ பற்றி எழுதட்டும். பழங்குடிகளைப் ‘பின்தங்கிய இந்துக்கள்’ என்ற சமூகவியலாளர் குர்யேயும், அவரோடு மோதிய மானிடவியலாளர் வெரியர் எல்வினும் அந்தத் தாள்களைத் திருத்தும்போது தாமாகவே வருவார்கள்.

மலையாளிப் பழங்குடியினரே தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறியதாகச் சொல்கிறார்களே, அப்படியானால் பூர்வகுடியா என்று யாராவது குறுக்குக் கேள்வி போடக்கூடும். பழங்குடிப் பட்டியல் என்பது பூர்விகத்துக்கான சான்று அல்ல, அரசமைப்புச் சட்டத்தின் 342-ஆம் பிரிவு தருவது. 1965-இல் அந்தப் பட்டியலுக்கு லோகூர் குழு வைத்த அளவுகோல்களில் ‘வெளியாரிடம் கூச்சம்’ கூட ஒன்று! அதை வாசித்துக் காட்டுங்கள். வகுப்பு மாணவியை விட்டுவிட்டுக் குழுவைத் திரும்பிப் பார்க்கும்.

துர்கைமை எட்டாவது வாரத்துக்குத் தள்ளிவையுங்கள். ஆஸ்திரேலியப் பழங்குடிகளின் சமயத்தைப் பற்றி 1912-இல் அவ்வளவு பெரிய நூல் எழுதினார். ஆஸ்திரேலியாவுக்கு அவர் போனதே இல்லை.