சிவப்பு மட்டைப் பனை: வீட்டில் வளர்க்கச் சில குறிப்புகள்

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பூங்காக்களில், வீட்டு முகப்புகளில் மட்டையும் காம்பும் செக்கச்செவேலென்று நிற்கும் பனையைப் பார்த்திருப்பீர்கள். மலாயில் பினாங் ராஜா. நர்சரியில் லிப்ஸ்டிக் பாம் என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். தாவரப் பெயர் சிர்டோஸ்டாகிஸ் ரெண்டா. மலாய் தீபகற்பம், சுமத்ரா, போர்னியோ ஆகிய இடங்களின் தாழ்நிலச் சதுப்புக் காடுகளில் தானாக வளர்வது. ஈரத்தில் குறை வைக்காவிட்டால் வீட்டிலும் அருமையாக வரும்.

1. வாங்கும்போது அடியில் பக்கக் கன்றுகள் விட்டிருக்கும் தூராகப் பார்த்து வாங்குங்கள். இது கூட்டமாக வளரும் பனை. ஒற்றைத் தண்டாக இருப்பது புதர்போல் அடர நாளாகும். காட்டிலிருந்து பிடுங்கி வந்ததை வாங்கவே வேண்டாம். சதுப்புக் காடுகள் ஏற்கெனவே சுருங்கி வருகின்றன.

2. மற்றச் செடிகளுக்குத் தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும். இதற்கு அந்தப் பயம் வேண்டாம். தேங்கிய நீரிலும் நிற்கும். மண் ஒருமுறை நன்றாகக் காய்ந்தாலே இலை நுனி கருகத் தொடங்கிவிடும். தொட்டியில் வளர்ப்பவர்கள் அடியில் ஆழமான தட்டு வைத்து அதில் எப்போதும் தண்ணீர் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

3. தட்டில் நிற்கும் நீரில் ஏடிஸ் கொசு முட்டையிடும். நாலைந்து நாளுக்கு ஒருமுறை நீரைக் கொட்டி, தட்டின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். வீட்டில் மீன் குளம் இருந்தால் தொட்டியை அதன் ஓரத்தில் இறக்கி வைப்பது இன்னும் நல்லது. கொசுப் புழுக்களை மீன்கள் தின்றுவிடும்.

4. மழைநீர் மிகவும் உகந்தது. உப்பும் சுண்ணாம்பும் மிகுந்த கிணற்று நீரை ஊற்றி வந்தால் இலை வெளுக்கும். அதே சுண்ணாம்புக்காகச் சிமெண்ட் பூசிய சுவரை ஒட்டியும் நட வேண்டாம்.

5. மண் சற்றுப் புளிப்புத்தன்மையோடு இருக்க வேண்டும். தென்னை நார்த்தூள், மக்கிய இலை, தோட்ட மண் மூன்றையும் கலந்தால் போதும். நார்த்தூளை முதலில் இரண்டு மூன்று தடவை நீரில் அலசிப் பிழிந்துவிடுங்கள்; உப்பு போய்விடும். கடையில் விற்கும் பீட் மண்ணைத் தவிர்க்கச் சொல்வேன். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்த சதுப்பை வெட்டித்தான் அதை எடுக்கிறார்கள். நார்த்தூள் இருக்கும்போது அது நமக்கு எதற்கு?

6. இளங்கன்றுக்கு அரைநிழல். வேரூன்றிய பிறகு வெயிலுக்குப் பழக்கலாம். வெயில் பட்டால்தான் சிவப்பு நன்றாக ஏறும். வெயில் கூடக்கூடத் தண்ணீரும் கூட வேண்டும்.

7. குளிர் இதற்கு ஆகாது. வறண்ட காற்றும் அப்படியே. தமிழ்நாட்டின் உள்மாவட்டங்களில் வளர்க்க நினைப்பவர்கள் கோடையில் காற்று மறைவான நிழலில் வைத்து, இலைமேல் நீர் தெளித்து வர வேண்டியிருக்கும்.

8. காய்ந்து பழுப்பேறிய இலையை மட்டும் அகற்றுங்கள். சிவந்த மட்டையை உரிக்க வேண்டாம். பழைய மட்டை தானாகக் கழன்று விழும்போது உள்ளே இருப்பது பளிச்சென்று தெரியும்.

9. பக்கக் கன்றைப் பிரிப்பது கவனமாகச் செய்ய வேண்டிய வேலை. சொந்த வேர் இல்லாத கன்று பிழைக்காது. முதலில் தாய்த் தூரோடு இணைந்த இடத்தைக் கூரிய கத்தியால் வெட்டிவிட்டு, கன்றை அங்கேயே சில மாதம் விட்டுவையுங்கள். புதுக் குருத்து வந்தபின் மண்ணோடு பெயர்த்து நடுங்கள். நட்டதும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பையால் மூடி நிழலில் வைத்தால் ஈரப்பதம் குறையாது.

10. விதை போடுவதானால் பழுத்துக் கறுத்த பழத்தை அன்றே எடுத்துச் சதையை நீக்கி விதையுங்கள். காய்ந்த விதை வீண். ஈர நார்த்தூளில், கதகதப்பான இடத்தில் முளைக்க இரண்டு மூன்று மாதமோ அதற்கு மேலோ ஆகும். கன்று முதலில் பச்சையாகவே இருக்கும். சிவப்பு தெரியச் சில ஆண்டுகள் ஆகும். அதுவரை வேறு ஏதோ பனை என்று பிடுங்கிப் போட்டுவிடாதீர்கள்.