பைத்தான் மொழியில் கோப்பு ஒப்பீடும் தமிழ்ப் பாடபேத ஆய்வும்: பிக்கட்டி என்னும் ஊர்ப்பெயரை முன்வைத்து

முன்னுரை

சுவடிகளை ஒத்துப் பாராமல் தமிழில் செம்பதிப்பு உருவானதில்லை. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர் பல சுவடிகளை ஒப்பிட்டே மூலபாடத்தை வரையறுத்தார். அவ்வொப்பீட்டுப் பணியின் ஒரு பகுதி இன்று கணினியிடம் சென்றுள்ளது. ஒரே நூலின் மின்படிகள் பல வழங்குகின்றன. 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கப்பெற்ற மதுரைத் திட்டத்தின் நூல்கள் முதலில் திஸ்கிக் குறியேற்றத்திலும் பின்னர் ஒருங்குறியிலும் வெளிவந்தன. படிகளை ஒப்பிடப் பைத்தான் மொழியில் ஃபைல்சிஎம்பி, டிஃப்லிப் என்னும் இரு நிரற்கூறுகள் உள்ளன. அவை தரும் விடைகள் பாடபேத ஆய்வுக்கு எந்த அளவு பொருந்தும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

அளவும் நேரமும்

ஃபைல்சிஎம்பி இயல்பு நிலையில் மேற்போக்கு ஒப்பீட்டையே செய்கிறது. கோப்பின் வகை, அளவு, கடைசியாகத் திருத்தப்பட்ட நேரம் ஆகிய மூன்றும் ஒத்திருந்தால், உள்ளே ஓரெழுத்தையும் படிக்காமல் இரண்டும் ஒன்றே என்று கூறிவிடும். அளவு வேறுபட்டால் உடனே வேறு என்று கூறும். அளவு ஒத்து நேரம் வேறுபட்டால் மட்டுமே உள்ளடக்கத்தைப் படிக்கும்.

தமிழ்ப் பாடங்களில் இவ்வியல்பு தரும் இடர் பெரிது. யுடிஎஃப்-8 குறியேற்றத்தில் தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்டு பெறும். ஆகவே ரகரத்தின் இடத்தில் றகரமும், லகரத்தின் இடத்தில் ளகரமோ ழகரமோ, னகரத்தின் இடத்தில் ணகரமும் வந்தால் கோப்பின் அளவு சிறிதும் மாறாது. பதிப்பாசிரியன் கண்ணில் எண்ணெய் விட்டுத் தேடும் பாடபேதங்கள் பெரும்பாலும் இவையே. அளவு காட்டிக்கொடுக்காத நிலையில் எஞ்சுவது நேரக்குறி ஒன்றே. கோப்புகள் அனைத்திற்கும் ஒரே நேரத்தை இட்டுச் சேமிக்கும் கருவிகளும் உள்ளமையால் அதனையும் முழுதும் நம்ப இயலாது.

தனிக்கோப்பு ஒப்பீட்டில் மேற்போக்கு நிலையை நீக்கிக்கொள்ளலாம். கோப்புறைகளை ஒப்பிடும் டிர்சிஎம்பிக்கு அவ்வசதி 3.13ஆம் பதிப்பில்தான் கிடைத்தது. முந்தைய பதிப்புகளைப் பயன்படுத்துவோர் பொதுக் கோப்புகளின் பட்டியலை மட்டும் டிர்சிஎம்பியிடம் பெற்று, ஒவ்வொன்றையும் தனியே முழுமையாக ஒப்பிடுதல் நன்று. முன் கண்ட விடையை நிரற்கூறு நினைவில் வைத்திருக்கும் என்பதால், ஒரே அமர்வில் கோப்பைத் திருத்தி மீண்டும் ஒப்பிடுவோர் அந்நினைவை அழித்துவிட்டுத் தொடரவேண்டும்.

ஒரே தோற்றம், இரு குறியீடு

மறுதலை இடரும் உண்டு. 'கோத்தகிரி' என்னும் சொல்லின் முதலெழுத்தில் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் இடலாம். ஏகாரக் கொம்பு, கால் என இரண்டாகவும் இடலாம். திரையில் வேறுபாடு தெரியாது. முதல் வகையில் அச்சொல் 27 பைட்டு. இரண்டாம் வகையில் 30. கணினி இவற்றை வேறு என்றே கொள்ளும். கோப்பின் பெயரிலேயே இது நேர்ந்தால், டிர்சிஎம்பி ஒரே பெயரை இடப்பக்கத்தில் மட்டும் உள்ளது என்றும் வலப்பக்கத்தில் மட்டும் உள்ளது என்றும் இருமுறை காட்டும்.

என்எஃப்சி என்னும் ஒருங்குறிச் சீர்மை இவ்விரட்டையை நீக்கும். எனினும் ஔகாரக் குறியின் பின்பகுதிக்கு மாற்றாக ளகரத்தையே தட்டியிருந்தால் சீர்மை அதனைத் தீண்டாது. அது குறியேற்ற வேறுபாடன்று, எழுத்துப் பிழை. 'ஸ்ரீ' என்னும் கூட்டெழுத்தை ஸகரத்தில் தொடங்கினும் ஶகரத்தில் தொடங்கினும் பல எழுத்துருக்கள் ஒரே வடிவத்தைக் காட்டும். அதனையும் சீர்மை ஒன்றாக்குவதில்லை.

பிக்கட்டியும் பிக்கெட்டியும்

நீலகிரி மாவட்டத்துப் பேரூராட்சிகளுள் ஒன்றான பிக்கட்டியின் பெயர், ஆங்கில ஆவணங்களில் மூன்றாம் எழுத்தில் எகரம் பெற்று வழங்குகிறது. அதனைப் பின்பற்றித் தமிழில் எழுதினால் 'பிக்கெட்டி' ஆகும். டிஃப்லிப்பின் ஒப்புமை விகிதம், பொருந்திய உறுப்புகளின் எண்ணிக்கையை இரட்டித்து இரு தொடர்களின் மொத்த நீளத்தால் வகுத்துப் பெறுவது. குறியீடுகளாக எண்ணினால் முதற்சொல்லில் 9, இரண்டாவதில் 10, பொருந்துவன 9; விகிதம் 0.947. தமிழ் எழுத்துகளாக எண்ணினால் இரண்டிலும் 5, பொருந்துவன 4; விகிதம் 0.8. ஐந்தெழுத்துச் சொல்லில் ஓரெழுத்து மாறியது என்பதே தமிழறிந்தோர் காணும் உண்மை. முதற்கணக்கு உயிர்மெய்யை உடைத்து எண்ணி வேற்றுமையைச் சுருக்கிக் காட்டுகிறது. ஒப்பீட்டுக்கு முன் பாடத்தை எழுத்தெழுத்தாகப் பிரித்துப் பட்டியலாக்கித் தருவது இக்குறையைத் தீர்க்கும்.

படுகமொழி வாய்மொழிப் பாடல்களைத் தமிழ் எழுத்தில் பெயர்த்தெழுதும்போது இவ்வேறுபாடு மிகும். 'படகர்', 'படுகர்' என இனப்பெயரே இருவகையில் வழங்குகிறது. ஒலிப்புடைத் தடையொலியையும் ஒலிப்பிலாத் தடையொலியையும் பிரித்துக்காட்டத் தமிழில் தனி எழுத்தில்லை. எமனோ 1939இல் படுகமொழி உயிர்களைப் பற்றி எழுதிய கட்டுரையில் சுட்டிய வளைநா உயிர்களுக்கும் குறியில்லை. ஆகவே ஒரே பாடலை இருவர் எழுதினால் இரு கோப்புகள் கிடைப்பது இயல்பு. அவற்றுள் எது பாடுவோரின் வேறுபாடு, எது எழுதுவோரின் வழக்கு எனப் பிரித்தல் நிரலால் ஆகாதது. ஒலிப்பதிவைக் கேட்டே துணியவேண்டும்.

மீள வரும் வரிகள்

டிஃப்லிப்பில் பெரிதும் கவனம் பெறாத இயல்பு ஒன்றுண்டு. இரண்டாம் தொடரில் 200 அல்லது அதற்கு மேற்பட்ட உறுப்புகள் இருந்தால், ஏறத்தாழ 1 விழுக்காட்டிற்கு மேல் மீள வரும் உறுப்புகளை அது பொருத்தத்தின் தொடக்கமாகக் கொள்வதில்லை. வேகம் கருதிச் செய்த ஏற்பாடு இது, நிரல்வரிகளுக்குத் தீங்கில்லை. தமிழ்ப் பாடத்தைக் குறியீடு குறியீடாக ஒப்பிடும்போதோ புள்ளியும் ககரமும் தகரமும் இவ்விலக்கிற்கு உட்பட்டுவிடும். அரிய எழுத்துகளைச் சார்ந்தே பொருத்தம் தேடப்படும். வரிவரியாக ஒப்பிடினும் நெடும்பாடலில் மீள மீள வரும் பல்லவி இதே நிலையை அடையும். வாய்மொழிப் பாடலில் பல்லவி எத்தனையாவது முறை விடுபட்டது என்பதே பாடபேதமாகலாம். ஆட்டோஜங்க் என்னும் அவ்வேற்பாட்டை நிறுத்திவிட்டு ஒப்பிட்டால் நேரம் மிகும். ஒரு பாடல் தொகுதியின் அளவுக்கு அது பொருட்டன்று.

சீர்மை செய்யும்போது மூலக்கோப்பைத் தொடாமல் படியெடுத்து அப்படியிலேயே செய்யவேண்டும். 'பிக்கெட்டி' என எழுதியவரின் கோப்பில் அவ்வெகரத்தை அகரமாக்கிவிட்டால், எந்த ஆவணத்தைப் பார்த்து அவர் எழுதினார் என்னும் தடயமும் உடன் அழிந்துவிடும்.