யாருக்கு எந்த உரிமை?

பாகூர் ஏரித் தண்ணீர் ஊருக்கே பொது. ஆனால் மதகை ஆளாளுக்குத் திறந்தால் என்ன ஆகும்? கணிப்பொறிக் கோப்புகளுக்கும் இந்தக் கட்டுப்பாடு தேவை, நண்பர்களே!

1969-ல் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் தொடங்கிய யூனிக்ஸில் வளர்ந்த முறை இது. சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸிலும் இதே முறைதான். ஒவ்வொரு கோப்புக்கும் மூன்று தரப்பு: உரிமையாளர், குழு, மற்றவர். படிக்க 4, எழுத 2, இயக்க 1. இவற்றைக் கூட்டினால் உரிமை எண். மதிப்பெண் கோப்புக்கு 640 என்றால் உரிமையாளர் படிக்கலாம், எழுதலாம், குழு படிக்க மட்டும், மற்றவருக்கு ஒன்றுமில்லை.

ஒன்றைக் கவனியுங்கள். கோப்பை அழிக்கும் உரிமை, அது இருக்கும் அடைவைப் பொறுத்தது. அடைவுக்கு 777 போட்டுவிட்டால், உள்ளே இருக்கும் 640 கோப்பை யார் வேண்டுமானாலும் அழித்துவிடலாம். 'ரூட்' பயனருக்கோ இந்தத் தடை எதுவும் கிடையாது. அதனால் அன்றாட வேலைக்கு ரூட்டாக நுழையக் கூடாது.

வீட்டில் முதலில் படிக்க வந்தவர்கள் நாம். வில்லியனூர்ப் பக்கம் பெரியவங்க, "நீயே பாத்துக்கோ தம்பி" என்று பாஸ்வேர்டையே சொல்லிடுறாங்க. கேட்ட வேலையை முடிப்போம்; பாஸ்வேர்டை அவங்க கையாலேயே மாத்த வைப்போம்; லாக்-அவுட் செய்துவிட்டு எழுவோம். தேவைக்கு மேல் உரிமை வாங்காமலிருப்பதும் நாம் கற்ற பாடம்தான்.