திருப்பாவையில் ‘பறை’ எத்தனை?

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

திருப்பாவை 30 பாசுரங்களில் ‘பறை’ என்னும் பதம் எத்தனை பாசுரங்களில் பயின்று வருகிறது என்று எண்ணிப் பார்ப்போம். தனிச்சொல்லாக மட்டும் தேடினால் கணக்குக் குறைந்துவிடும். 16-ஆம் பாசுரத்தில் ‘அறைபறை’, 26-இல் ‘பெரும்பறையே’, 30-இல் ‘அப்பறை’ என்றாற்போல் அது பிற சொற்களோடு சேர்ந்தும் நிற்கும். இவற்றையும் கூட்டினால் 1, 8, 10, 16, 24, 25, 26, 27, 28, 29, 30 ஆகிய 11 பாசுரங்களில் ‘பறை’யைக் காண்கிறோம்.

ஆயினும் பதம் ஒன்றாயிருந்தாலும் பொருள் எங்கும் ஒன்றன்று. 26-இல் சங்கு, விளக்கு, கொடி, விதானம் ஆகியவற்றோடு வேண்டப்படுவது நோன்புக்கு உபகரணமான வாத்தியம். 29-இலோ அந்தப் பறையைப் பெற்றுப்போக வந்தோமல்லோம் என்று மறுத்து, எக்காலத்தும் கண்ணனுக்கே ஆட்செய்தலை வேண்டுகிறாள் ஆண்டாள். பறையாவது கைங்கர்யமே என்று பூர்வாசார்யர்களும் அருளிச்செய்தனர். அடுத்த பாசுரத்தில் வருவது ‘அப்பறை’. எண்ணும்போது நாம் தவறவிடக்கூடிய இடம் இதுவே. இங்குள்ள அகரச் சுட்டே முன் பாசுரத்துக் கைங்கர்யத்தைச் சுட்டி நிற்கிறது.

பதம் எண்ணப் புகுந்த நமக்கும் அப்பறையே வாய்க்கும்படி பிராட்டி கடாக்ஷித்தருள வேணும்.

ஆண்டாள் திருவடிகளே சரணம்.