29 வயதில் அமைந்த இடம்

முப்பதை நெருங்கியும் ‘நமக்கான வேலை எது?’ என்று தவிப்பவர்களுக்கு ஹோனஸ் வேக்னரின் வாழ்க்கை தெம்பு தரும். 1874-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பிறந்தவர். சிறுவனாகவே நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்தவர். பேஸ்பாலின் தலைசிறந்த ஷார்ட்ஸ்டாப் என்று இன்றும் பலர் சொல்வது இவரைத்தான். இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவே நின்று, சீறிவரும் பந்தை அள்ளி எறிகிற கடினமான இடம் அது. அங்கே அவர் நிலைத்ததோ 1903-ல், 29 வயதில்.

1. பக்கத்து வேலையையும் பழகுங்கள்

பெரிய லீக்கில் வேக்னர் நுழைந்தது 1897-ல், லூயிவில் அணியில். 1900-ல் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணிக்கு வந்தார். அவுட்ஃபீல்டு, முதல் பேஸ், மூன்றாம் பேஸ் என்று அணி நிறுத்திய இடத்திலெல்லாம் ஆடினார், பந்தும் வீசினார். கேட்சர் வேலை ஒன்றுதான் பாக்கி. நம் வேலையிலும் அப்படித்தான்: பில் போடுபவருக்கு ஸ்டோர் வேலையும் தெரிந்தால், கணக்கு எங்கே பிசகுகிறது என்று சட்டெனப் பிடிபடும். அந்த அறிவை எந்தப் பயிற்சி வகுப்பும் தராது.

2. இடம் அமைந்ததும் ஊன்றி நில்லுங்கள்

பைரேட்ஸ் ஆடிய நேஷனல் லீக்கில் சிறந்த பேட்டிங் சராசரிக்கான முதலிடத்தை 8 முறை பிடித்தார். அதில் 7 முறை பிடித்தது 1903 முதல் 1911 வரையிலான ஆண்டுகளில். 1917-ல் ஓய்வு பெறும்வரை அணி மாறவில்லை. பலதும் பழகுவது தேடலுக்கு. கிடைத்தபின் ஆழம்தான் பெயர் வாங்கித் தரும்.

3. சறுக்கினால் வேலையால் பதில் சொல்லுங்கள்

சாம்பியனைத் தீர்மானிக்கும் உலகத் தொடரில் 1903-ல் பாஸ்டனிடம் பிட்ஸ்பர்க் தோற்றது. வேக்னர் செய்த பிழைகள் 6. பேட்டிங் சராசரி வெறும் .222. அடுத்த ஐந்து ஆண்டுகளில் நான்கு முறை பேட்டிங்கில் முதலிடம் பிடித்தார். 1909-ல் அன்றைய நட்சத்திர வீரர் டை காப் ஆடிய டெட்ராய்ட் அணியை வென்ற உலகத் தொடரில் .333 சராசரியில் அடித்து, 6 பேஸ்களைத் ‘திருடினார்’ (பந்து அடிபடாமலேயே ஓடி அடுத்த பேஸைப் பிடிப்பது). அப்போது வயது 35. ஒரு மோசமான வாரத்தை வைத்து உங்களை நீங்களே எடைபோட்டுவிடாதீர்கள்.

4. கற்றதைக் கைமாற்றுங்கள்

1933 முதல் 1951 வரை அதே அணிக்குப் பயிற்சியாளராக இருந்தார். 1936-ல் பேஸ்பால் புகழவைக்கு முதன்முதலாகத் தேர்வான ஐவரில் ஒருவரான பிறகும், இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதை அவர் விடவில்லை.

இந்த வாரமே தொடங்குங்கள்

உங்கள் வேலைக்கு முன்னும் பின்னும் யார் கை வைக்கிறார்கள் என்று எழுதுங்கள். அவர்களில் ஒருவரிடம் போய்க் கற்றுக்கொள்ளுங்கள். எந்த வேலை உங்கள் கைக்குப் படிகிறதோ, அதை மேலதிகாரியிடம் வாய்விட்டுக் கேளுங்கள்.