கேம்கார்டர் வீடியோவை எடிட்டிங்குக்கு மாற்ற

ஏவிசிஎச்டி கேம்கார்டரின் எம்டிஎஸ் கோப்புகள் சில எடிட்டிங் மென்பொருள்களில் திறப்பதில்லை. திறந்தாலும் திக்கித் திக்கி ஓடும்.

1. மெமரி கார்டில் உள்ளதை அப்படியே முழுதாகக் கணினிக்கு நகலெடுக்கவும். நீண்ட பதிவைக் கேமரா துண்டுகளாகவே சேமிக்கிறது. அவற்றைக் கோக்கும் விவரம் வேறு கோப்புகளில் இருக்கிறது. வீடியோவை மட்டும் எடுத்தால் இணைப்பில் ஒலி விட்டுப்போகலாம்.

2. திறக்கவே இல்லையென்றால், எஃப்எஃப்எம்பெக் என்ற மென்பொருள் மூலம் எம்பி4 உறைக்கு (கன்டெய்னர்) மட்டும் மாற்றவும். மறுசுருக்கம் இல்லாததால் தரம் குறையாது, வேகமாகவும் முடியும்.

3. திறந்தும் திக்கினால், புரோரெஸ் அல்லது டிஎன்எக்ஸ்எச்ஆர் என்ற எடிட்டிங் வடிவத்துக்கு மாற்றவும். இவற்றில் ஒவ்வொரு ஃபிரேமும் தனித்தனியே இருப்பதால் கணினி திணறாது. கோப்பு பல மடங்கு பெரிதாகும், வட்டில் இடம் பார்த்துக்கொள்ளவும்.

4. ஃபிரேம் வேகத்தை மாற்ற வேண்டாம். 25 என்றால் 25. மாற்றினால் அசைவு குதிக்கும்.

5. மூலக் கோப்புகளை அழிக்க வேண்டாம். மாற்றம் பிசகினால் அவையே கைகொடுக்கும்.